பினாங்கில் கத்தரிப்பூ நிறம்

பையைத் தோளில் போட்டுக்கொண்டு பினாங்குச் சாலையோரமாக நடந்துகொண்டிருந்தேன். இந்த நாட்டில் ஒருவன் வெயிலில் நடந்தால், கார்க்காரர்கள் வேகத்தைக் குறைத்து என்ன ஆயிற்று என்று பார்க்கிறார்கள். வேலை போய்விட்டது, அவ்வளவுதான். மெழுகால் பூ வரைந்து சாயமேற்றும் பத்திக் துணிப் பட்டறையில் வேலை. படுக்கையும் அங்கேதான் இருந்தது, அதுவும் போயிற்று.

எனக்கு ஊர் ராசிபுரம் பக்கம் வெண்ணந்தூர். எட்டாவதோடு நின்று சாயப்பட்டறைக்குப் போனவன். ஆட்டையாம்பட்டி வியாபாரி போனில், "கனகாம்பரம், வாடாமல்லி, கத்தரிப்பூ, மூணும் வேணுமுங்க" என்பார். மாதிரித் துணி அனுப்ப மாட்டார். அந்தப் பூக்களைப் பார்க்காதவர் அங்கே யார்? கத்தரிப்பூ என்றால் வெளிர் ஊதா. சாயம் சற்றுத் தூக்கலானாலும் நூல் திரும்பி வந்துவிடும்.

ராசிபுரத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த ஓர் அம்மா, மகள் கல்யாணத்தில் தோழிகள் போட்டுக்கொள்ள செலெண்டாங் கேட்டுப் பட்டறைக்கு வந்தார். செலெண்டாங் என்பது நீளச் சால்வை. தன்னுடைய முகூர்த்தப் புடவையின் நிறத்திலேயே வேண்டுமாம். "கத்தரிப்பூக் கலருங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா?" பட்டறை முதலாளியம்மா கக் சோமிடம் மலாயில் அப்படியே சொன்னேன். அவர் தலையாட்டினார். பூ என்று சொன்னாலும், கத்தரி நிறம் என்றால் இங்குள்ளவர்களுக்குக் காயின் அடர் நிறம்தான். அன்று நான் மெழுகு காய்ச்சப் போய்விட்டேன், அவரே சாயமேற்றினார்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் அந்த அம்மா மகளோடு பட்டறைக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தார். "ஏஞ்சாமி, பூவைக் கேட்டா காயைக் குடுத்திருக்கீங்க? கொழம்புக்குங்களா?" சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. இங்கேயே பிறந்த மகள் ஒன்றை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். "பர்ப்பிள்! நல்லாத்தாம்மா இருக்கு." மாற்ற நேரமுமில்லை. அவர்கள் வாங்கிப் போனதும் கக் சோம், "இனி உன் பேச்சை நம்பிச் சாயம் போட முடியாது, போ" என்றார்.

சாலையில் வேகம் குறைத்த கார்களில் ஒன்று நின்றது. அந்த அம்மா.

"ஏனுங்க, பையோட எங்கீங்க?"

சொன்னேன்.

"நாளைக்கு மண்டபத்துல ஏனம் கழுவ ஆளு பத்தலீங்க. வாரீங்களா?"

மறுநாள் காலை மண்டபத்துச் சமையலறையில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தேன். சன்னல் வழியாக மேடை தெரிந்தது. மணமகளைச் சுற்றித் தோழிகளின் கருநீலம் பாய்ந்த ஊதாச் சால்வைகள். நடுவில் அந்த அம்மா, தன் கத்தரிப்பூப் புடவையில்.

"ஆன்ட்டி, உங்க கலர் மட்டும் தனியா தெரியுது. கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்றார் படம் எடுப்பவர்.

அந்த அம்மா ஓரமாகப் போய் நின்றார். நான் அடுத்த அண்டாவை இழுத்தேன்.