ஸ்டெல்லாவின் இடது முழங்கை

என் பேஸ்பால் அணித் தோழி நூரின் போன் வந்தபோது நான் விம்கோ நகர் தாண்டி பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். "மே, குந்தினு கீறியா, நின்னுகினு கீறியா?" என்று கேட்டாள். நின்றுகொண்டிருக்கிறேன் என்றேன். "அப்ப எறங்கு மே. ஸ்டெல்லா போயிட்டா." காலை ஷிப்ட் முடிந்து எண்ணூர் நெடுஞ்சாலையில் ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவளைக் கண்டெய்னர் லாரி அடித்துவிட்டது. அதற்கு மேல் நூருக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தச் சாலையில் சாகிறவர்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் அதிகம் விவரம் கேட்பதில்லை. எந்த இடம் என்று மட்டும் கேட்பார்கள். நானும் அதைத்தான் கேட்டேன்.

உடலை ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே கொண்டுவருவதற்கு முன்பே பேஸ்பால் சங்கத்தின் செயலாளர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அஞ்சலிப் படம் போட்டுவிட்டார். ஸ்டெல்லாவின் முகத்தை வெட்டி, யாரோ ஒரு கிரிக்கெட் வீராங்கனையின் உடம்பில் ஒட்டியிருந்தார்கள். காலில் பேடு, கையில் கிரிக்கெட் மட்டை, இடது முழங்கை வானத்தைப் பார்த்து நின்றது. "பேஸ்பால் வானின் விடிவெள்ளி" என்று கீழே எழுதியிருந்தது. இரண்டு ஆட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவர் எங்களுக்கு இத்தனை வருடமாகச் செயலாளராக இருக்கிறார். அவர் பெயரை இங்கே எழுதமாட்டேன். எங்கள் செலவில் அவருக்கு இதுவரை கிடைத்த விளம்பரம் போதும்.

அந்தப் படத்தின் கீழே பலர் எழுதினார்கள். எப்போதும் சிரித்த முகம், எல்லோரிடமும் அன்பு, பூப்போன்ற மனம். அவளோடு ஆடியவர்களுக்குத் தெரியும், இதில் ஒன்றும் உண்மையில்லை. ஸ்டெல்லா திட்டுவாள். அம்பயரைத் திட்டுவாள், பந்தைத் திட்டுவாள், முதுகுக்குப் பின்னால் போகும் மாட்டைக்கூடத் திட்டுவாள். ஒருமுறை எதிரணியில் பந்து எறிகிற பிட்சர், தன்னிடம் மரியாதையாகப் பேசச் சொன்னாள். ஸ்டெல்லா மட்டையை ஊன்றி நின்று, "மரியாத வேணும்னா மொதல்ல மரியாதையா பந்து போடு. இது இன்னா, எழவு வூட்ல பொரி எறைக்கிற மாதிரி" என்றாள். அந்தப் பெண் அழுதுவிட்டாள். அடுத்த பந்து நன்றாகவே வந்தது.

அவளுக்கும் எனக்கும் திருவொற்றியூரில் ஒரே தெரு. தெருவின் ஒரு பக்கம் முழுக்க ஒரு கம்பெனியின் மதில். அங்கே ஆடும் தெருக் கிரிக்கெட்டில் ஒரு சட்டம் உண்டு. மதிலுக்கு அந்தப் பக்கம் பந்து போனால் அடித்தவர் அவுட். போன பந்தை வாட்ச்மேன் திருப்பித் தரமாட்டான் என்பதால் வந்த சட்டம். அந்தத் தெருவில் வளர்ந்த எல்லோரும் பந்தைத் தரையோடு அடிக்கவே பழகினோம். மட்டை பந்தைத் தொடும் முன்பே மணிக்கட்டு தானாகக் கீழே உருண்டுவிடும். கல்லூரியில் பேஸ்பால் மட்டையைப் பிடித்தபோதும் அதே கதைதான். மேலே போகவேண்டிய பந்தெல்லாம் தரையில் உருண்டு நேராக எதிரணிக்காரியின் கையுறைக்குப் போனது. எங்கள் பயிற்சியாளர் எங்களுக்கு உடம்பில் வலுவில்லை என்று முட்டை சாப்பிடச் சொன்னார். ஸ்டெல்லாதான் ஒருநாள் மட்டையைப் போட்டுவிட்டு இடது மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வலுவும் இல்ல, ஒரு மயிரும் இல்ல மே. கைக்கு இன்னும் அந்த செவுரு பயம் போகல. இங்க எங்க கீது செவுரு?" என்றாள்.

பயம் அவளுடைய இடது கையில் இருந்தது. பேஸ்பாலில் வலது கைக்காரிக்கு இடது கைதான் பந்து வரும் பக்கம் நிற்கும். லீட் கை என்போம். எல்லோரும் அதை மறந்துவிட்டு வலது கையால் மொத்துவார்கள். ஸ்டெல்லா அந்தக் கைக்கு மட்டும் தனியாகப் பாடம் எடுத்தாள். உடைந்த மட்டை ஒன்றைக் குட்டையாக அறுத்து, இடது கையில் மட்டும் பிடித்துக்கொண்டு, கடற்கரையில் நிற்பாள். அறுந்த வலைகளில் கிடைக்கும் மிதவைகளை நானும் நூரும் பொறுக்கிவந்து எறிவோம். முழங்கை மடங்கியே இருக்கவேண்டும், மார்போடு ஒட்டி வரவேண்டும். இடுப்பு முதலில் திரும்ப, இடது கை மட்டையின் அடிக்கட்டையைப் பந்தை நோக்கி இழுத்துக்கொண்டு போகவேண்டும். பந்தைத் தொடும் நேரத்தில் இடது உள்ளங்கை தரையையும் வலது உள்ளங்கை வானத்தையும் பார்க்கவேண்டும். கை நீள்வதும் மணிக்கட்டு உருள்வதும் அடித்த பிறகுதான். சொன்னால் இவ்வளவுதான். செய்துபார்த்தால் தோள் கழன்றுவிடும்.

நூர் கையை முன்கூட்டியே விறைப்பாக நீட்டிவிடுவாள். "இன்னா மே, பஸ்ஸுல கம்பிய புடிச்சிகினு தொங்கறியா? நீட்டின கையி சுத்தி வர்றதுக்குள்ள பந்து வூட்டுக்குப் போயி நாஸ்தா துன்னுரும்" என்பாள் ஸ்டெல்லா. என்னிடம் வேறு வகைக் கோபம். "உன் எடது கை சூப்பர்வைசர் மே. கூடவே வருது, ஒரு வேலையும் செய்யறதில்ல." அவள் சொன்னதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: "எடது கை வழி காட்டணும், வலது கை அடிக்கணும். ரெண்டும் ஒரே நேரத்துல மொதலாளி ஆவப் பாத்தா பந்து உன்னப் பாத்து சிரிக்கும்."

பிழைப்புக்கு அவள், கண்டெய்னர் பெட்டிகளை அடுக்கிவைக்கும் யார்டு ஒன்றில் வேலை பார்த்தாள். வருகிற பெட்டியின் நம்பரையும் கதவில் போட்ட சீல் முத்திரையையும் சரிபார்த்துச் சொல்லவேண்டும். ஒப்பந்த வேலை. வெயிலும் லாரிப் புகையும் அவளுக்குப் பொருட்டில்லை. அந்த யார்டில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினால் ஷிப்ட் முடியும்வரை தண்ணீர் குடிக்கமாட்டாள். சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் கிடந்து, எழுந்து, மறுபடியும் அதே யார்டுக்குத்தான் போனாள். மாநில அணியில் ஆடியதற்கான சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். ஸ்டெல்லாவுக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்பட்டது. "எனக்கு ஏசி வேணாம், சேர்கூட வேணாம். பொம்பளைக்கு ஒரு கக்கூஸ் கீற வேலை போதும் மே" என்பாள். நாட்டுக்காக, கனவுக்காக என்றெல்லாம் இனி யாராவது மேடையில் பேசினால் இதையும் சேர்த்துப் பேசட்டும்.

மாநிலத் தேர்வுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் காரில் வந்தார்கள். அவர்களுக்கும் சான்றிதழ்தான் தேவை, கல்லூரியில் சீட்டுக்காக. புது மட்டை, புதுக் கையுறை, விலைச் சீட்டுகூடக் கிழிக்காத தொப்பி. ஒரு பெண் பந்தைத் தொட்டதும், வலப்பக்கம் முதல் பேஸுக்கு ஓடவேண்டியவள், இடப்பக்கம் மூன்றாவது பேஸை நோக்கி ஓடினாள். அவளுடைய அப்பா வேலிக்கு வெளியே நின்று கைதட்டினார்.

அணியைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்திருந்த செயலாளர் ஒரு காலத்தில் ஏதோ கம்பெனி அணியில் கிரிக்கெட் ஆடியவர். மட்டை என்றால் அவருக்கு இடது முழங்கை மேலே நிற்கவேண்டும். ஸ்டெல்லா முதல் பந்தை இடப்பக்க வேலிக்கு அனுப்பினாள். "ஏம்மா, எல்போவைத் தூக்கு" என்றார். இரண்டாவது பந்து வேலியைத் தாண்டியது. "பந்து எங்க போச்சுங்கிறது முக்கியமில்லம்மா. அடிக்கும்போது பார்க்க எப்படி இருக்குங்கிறதுதான் முக்கியம்" என்றார். இந்த வாக்கியத்தை நான் இட்டுக்கட்டவில்லை. அன்று பக்கத்தில் நின்றவர்கள் இதைப் படிப்பார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் நான் ஸ்டெல்லாவிடம், மதியம் மட்டும் அவர் கேட்கிற மாதிரி முழங்கையைத் தூக்கித் தொலைக்கச் சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். அவள் சோற்றை அள்ளிக்கொண்டே, "தூக்குறேன். கையத்தான கேக்குறான்" என்றாள். மதியம் தூக்கினாள். ஒரு பந்தையும் தொடவில்லை. முழங்கை மேலே நின்றதால் மட்டை மேலிருந்து வெட்டிக்கொண்டு இறங்கியது, ஒவ்வொரு பந்தும் தப்பிப் போனது. ஒவ்வொரு முறை தப்பும்போதும் செயலாளர் கைதட்டினார். "இப்பத்தான்மா பேட்டிங் மாதிரி இருக்கு" என்றார். ஸ்டெல்லா அணியில் சேர்ந்துவிட்டாள். திரும்பும் வழியில் பஸ்ஸில் சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்தது. "அடிச்சா திட்டறான், வுட்டா கைதட்டறான். இன்னா கலீஜ் ஆளு மே இவன்!"

போட்டி வெளிமாநிலத்தில். நூருக்கும் எனக்கும் அணியில் இடம் கிடைத்திருந்தது. முதல் ஆட்டங்களில் ஸ்டெல்லாவை வெளியே உட்காரவைத்துவிட்டு, காரில் வந்தவர்களை இறக்கினார்கள். தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டத்தில், இரண்டாவது பேஸிலும் மூன்றாவது பேஸிலும் எங்கள் ஆட்கள் நிற்க, அடிக்க யாரும் மிச்சமில்லாததால் அவளை அனுப்பினார்கள். செயலாளர் வெளியிலிருந்து "எல்போ! எல்போ!" என்று கத்தினார். ஸ்டெல்லா தூக்கினாள். முதல் பந்து தப்பியது. கைதட்டல். இரண்டாவதும் தப்பியது. மறுபடி கைதட்டல். இன்னொன்று தப்பினால் அவுட், அவ்வளவுதான். சான்றிதழுக்கு ஒரு குறையும் வராது. கழிப்பறை உள்ள வேலைக்கும் அவளுக்கும் நடுவே அந்த ஒரு பந்துதான் இருந்தது. பேசாமல் விட்டிருந்தால் போதும்.

அவள் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளங்கைகளைப் பேண்டில் துடைத்தாள். செயலாளரை ஒருமுறை பார்த்தாள். பிறகு இடது முழங்கையைக் கீழே இறக்கி மார்போடு வைத்துக்கொண்டாள். பந்து உயரமாக, உடம்பை ஒட்டி வந்தது. இடுப்பு திரும்பியது, இடது கை அதன் வேலையைச் செய்தது. பந்து இரண்டு ஆட்டக்காரிகளுக்கு நடுவே பாய்ந்து கடைசிவரை போனது. பேஸ்களில் நின்ற இருவரும் ஓடி ஹோம் பேஸுக்கு வந்து சேர்ந்தார்கள், இரண்டு ரன்.

நாங்கள் ஜெயிக்கவில்லை. அடுத்து எதிரணி அடிக்க வந்தபோது, தேர்வில் மூன்றாவது பேஸுக்கு ஓடிய அதே பெண் வலப்பக்க மூலையில் அப்பாவைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தபோது பந்து அவளைத் தாண்டிப் போனது. தோல்விக்கு ஸ்டெல்லாவின் ஒழுங்கீனமே காரணம் என்று செயலாளர் முடிவுசெய்தார். எல்லோருக்கும் சான்றிதழ் வந்தது. கையாட்டிய பெண்ணுக்கும் வந்தது. ஸ்டெல்லாவுக்கு மட்டும் வரவில்லை.

"ஏன் மே அடிச்ச?" என்று ரயிலில் நூர் கேட்டாள்.

"அந்தப் பந்த பாத்தியா நீ? அப்டி ஒண்ணு வந்தா கை கேக்காது மே."

இதை வீரம் என்று எழுதி அவளைக் கேவலப்படுத்தமாட்டேன். பிறகு அவள் செயலாளரின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டாள். ஒருமுறை அல்ல, பலமுறை. அவர் வாசல் கதவுக்கு வெளியே நிற்கவைத்தார். வேலைக்காரப் பெண்ணிடம் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லியனுப்பினார். அடுத்த வருடமும் அதையே சொன்னார். யார்டில் ஸ்டெல்லா தண்ணீர் குடிக்காமல் நின்றாள், பெட்டி எண் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு முழங்கையைக் காட்டிக்கொடுத்துத் திட்டினாள்.

அஞ்சலிக் கூட்டத்தைச் சங்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடத்தியது. செயலாளர் கையோடு சான்றிதழைக் கொண்டுவந்திருந்தார், கண்ணாடிச் சட்டம் போட்டு. போட்டோக்காரரை எதிரே நிற்கவைத்துவிட்டு ஸ்டெல்லாவின் அம்மாவை மேடைக்கு அழைத்தார். அந்த அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவர். சட்டத்தை வாங்காமல் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"இது இன்னா நைனா?"

"உங்க பொண்ணுக்குச் சேரவேண்டிய மரியாதைம்மா."

"இத வெச்சிகினு இப்ப யாருக்கு வேல குடுப்பே?"

செயலாளர் போட்டோக்காரரைப் பார்த்தார். "மரியாதைம்மா, வாங்கிக்கங்க" என்றார் மறுபடி.

"எம்பொண்ணு உன் வூட்டு வாசல்ல நின்னு கேட்டப்ப குடுக்கல. இப்ப நான் கேக்கல. எடுத்துகினு போ."

அம்மா இறங்கி வந்துவிட்டார். செயலாளர் என்னிடம் நீட்டினார், நான் வாங்கவில்லை. நூரிடம் நீட்டினார். அவள் வாங்கி மேசைமேல் படுக்கவைத்து, அதன்மேல் டீ கிளாஸ்களை அடுக்கி எல்லோருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். தட்டாக அது நன்றாகவே உதவியது.

யார்டில் அவளுடைய இடத்துக்கு அந்த வாரமே வேறொரு பெண் வந்துவிட்டாள். அடுத்த மாதம் மறுபடி மாநிலத் தேர்வு. நானும் நூரும் போகிறோம். எங்களிடம் இருக்கும் சான்றிதழ் பழசாகிவிட்டது, செல்லாது என்கிறார்கள். அதே செயலாளர்தான் உட்கார்ந்திருப்பார். முழங்கையைத் தூக்கச் சொன்னால் மாட்டேன் என்று மறுத்துவிடுவேன் என இங்கே எழுதிக் கைதட்டல் வாங்க நான் தயாரில்லை. எனக்கும் வேலை வேண்டும். தூக்கினாலும் தூக்குவேன். ஆனால் அவர் கைதட்டும்போது, நான் பந்தைத் தவறவிட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருக்கும். ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது. அதை யாரும் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்கவில்லை.