நாமமா, அம்பா?

என் கையெழுத்து மோசம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன 'ர'வுக்கும் பெரிய 'ற'வுக்கும் எனக்கு இன்றுவரை தகராறுதான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிவிடலாமே என்றால், கூச்சம். சிக்னலில் வண்டியை நிறுத்தினாலே யாராவது பக்கத்தில் வந்து, "மிலிட்டரி வண்டியா சார்? ஒரிஜினலா?" என்று கேட்டுவிடுகிறார்கள். விளக்கு பச்சையாகும் வரை நான் டேங்க்கைத் துடைப்பதுபோல் குனிந்துகொள்வேன். இனி கேட்பவர்களிடம் இந்தக் காகிதத்தை நீட்டிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் செம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ஒரு கொட்டகையில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவியின் அண்ணனுக்குப் பொழிச்சலூரில் காயலாங்கடை. ஒருநாள் அவர் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் இந்த மோட்டார் சைக்கிளைப் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார்.

"வெள்ளக்காரன் சண்டைக்கு ஓட்டுன வண்டி மாப்ள. மிலிட்டரி ஏலத்துல எடுத்தது. ஒரு போல்ட்டுகூட மாத்தல" என்றார்.

எனக்கு ஆசை வந்துவிட்டது. முன்பக்கம் இப்போதைய வண்டிகளைப்போல் இரண்டு குழாய்கள் இல்லை. ஏணி மாதிரி ஒரு சட்டம், நடுவில் தடித்த ஸ்பிரிங். மனைவியின் வளையல்கள் அதற்குப் போயின. "எங்க அண்ணன்தானே, ஏமாத்தவா போறாரு" என்று அவளே கழற்றிக் கொடுத்தாள். அவளுக்குக் கூடப் பிறந்தவர் என்று இருப்பது அவர் ஒருவர்தான்.

வண்டி முழுக்கக் கறுப்புப் பெயின்ட். தூரிகையால் அவசரமாக அப்பியது. பெயின்ட் வேலை செய்பவனுக்கு இது போதும், சந்தேகம் வர. புதுப் பெயின்ட்டை இப்படி அப்பினால், அடியில் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். சேஸில் ஓர் எண் இருந்தது, இஞ்சினில் வேறு எண். எனக்குத் தகராறு எழுத்தோடுதான். எண் நன்றாகத் தெரியும்.

கழற்றிப் போட்டுவிட்டு, சேஸின் கழுத்துப் பக்கம், அதாவது ஹேண்டில் நுழையும் இடத்தில், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். இரும்பில் குத்திய ஒரு குறி தெரிந்தது. மூன்று கோடுகள். மேலே விரிந்து, கீழே ஒன்றுகூடி நின்றன. பக்கத்துக் கொட்டகை வெல்டர் வந்து எட்டிப் பார்த்தார்.

"யோவ் நைனா, வண்டிக்கே நாமம் போட்டுக்கீறான்! உனுக்குப் போடாமயா வுட்டிருப்பான் உன் மச்சான்?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அவர் போனதும் அந்தக் குறியின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரோ பெருமாள் பக்தர் தன் வண்டியில் அடையாளமாகக் குத்தி வைத்திருக்கிறார். அப்படியானால் இது ராணுவ வண்டியே இல்லை. எங்கோ வீட்டு வாசலில் நின்றிருந்ததை எவனோ தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான், மச்சான் அதைக் கறுப்படித்து என் தலையில் கட்டியிருக்கிறார். திருட்டு வண்டி என்றால் போலீஸ் முதலில் பிடிப்பது பெயின்ட் அடிப்பவனைத்தான்.

அந்த நேரத்தில்தான் மகளுக்குக் காது குத்த வேண்டியிருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவது எங்கள் வழக்கம். நான் மனைவியிடம், "உங்க பெரியப்பா புள்ளயக் கூப்பிடலாம். அவரும் மாமன்தானே" என்றேன்.

அவள் துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"எங்க அண்ணன் உயிரோட கீறாரு. இன்னொருத்தர் மடியில உக்கார வெச்சா, அவுரு அப்பறம் இந்த வாசப்படி மிதிப்பாரா?"

"அவரு செஞ்சது…"

"இன்னா செஞ்சாருன்னு தெரிஞ்சுகினு பேசுங்க."

தெரியவில்லை. அதுதான் என் கஷ்டம்.

அந்த வாரம் ஸ்கூட்டருக்குப் பெயின்ட் அடிக்க, ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். சேஸைத் தலைகீழாகக் கொக்கியில் மாட்டியிருந்தேன். அவர் குறியைப் பார்த்துவிட்டு, "இது எங்கே கிடைச்சது?" என்றார். குரல் மாறியிருந்தது.

"நாமம் சார்" என்றேன்.

"நாமமா? நல்லாப் பாரு தம்பி."

பார்த்தேன். தலைகீழாகத் தொங்கியதில் மூன்று கோடுகளும் மேலே கூடி, கீழே விரிந்திருந்தன. நாமம் அம்பாகிவிட்டது.

"வெள்ளைக்காரன் காலத்து முத்திரை. சர்க்கார் சொத்துன்னு அர்த்தம்" என்றார். "நம்பர் ஒத்துப்போகாததைப் பத்திக் கவலைப்படாதே. ராணுவப் பட்டறையில நாலு வண்டியைப் பிரிச்சு ஒரு வண்டி பண்ணுவாங்க. ஆனா வெளியே விக்கும்போது, இந்த அம்புக்கு எதிரா இன்னொரு அம்பு அடிக்கிறதுண்டு. ரெண்டும் முனையோட முனை முட்டிக்கிட்டு நிக்கும். அது இருந்தா நல்லது."

"இல்லாட்டி சார்?"

அவர் ஸ்கூட்டர் சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

பக்தரின் சொத்து என்று பயந்தது போய், இப்போது சர்க்கார் சொத்து. வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன். ஜீப் சத்தம் கேட்டால் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அம்பின் முனைக்கு அடுத்த இடத்தில் கறுப்புக்கு அடியில், பள்ளத்தை அடைக்கும் பட்டியைப் போட்டுச் சமன் செய்திருந்தது. தேய்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துகொள்ளத்தான் கை வரவில்லை.

"எங்க அண்ணன் வூட்டுக்கு எப்போ தாம்பூலம் வெக்கப் போறது?" என்று மனைவி கேட்டபடி இருந்தாள். ஒரு காலையில் அவள் கேட்கும்போதே எழுந்து வந்து, தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டுத் தேய்க்க உட்கார்ந்தேன். பட்டி மாவாக உதிர்ந்தது. முதலில் ஒரு கோடு தெரிந்தது, பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. மூன்றும் வந்து, முதல் அம்பின் முனையில் முட்டி நின்றன.

விற்ற வண்டிதான். ஏலம் உண்மை. வெல்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மேல ஒண்ணு கீழ ஒண்ணு. டபுள் நாமம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சந்தேகம் பழகிய கை நிற்கவில்லை. ஒவ்வொரு உறுப்பிலும் ஓர் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தேன். முன் சட்டத்தில் கறுப்புக்கு அடியில் பச்சை, அதற்கும் அடியில் மணல் நிறம். மட்கார்டிலும் பச்சை. செயின் கவரிலும் பச்சை. எண்கள் வேறானாலும் எல்லாம் ஒரே பட்டாளத்தில் இருந்தவை. டேங்க்கைச் சுரண்டினேன். சிவப்பு. அதன் அடியில் வெறும் தகரம். பச்சை ஒரு பொட்டுகூட இல்லை.

ஒரு போல்ட்டுகூட மாத்தல என்றாரே!

இருந்தும் மனைவியோடு பொழிச்சலூருக்குப் பஸ் ஏறினேன். தாம்பூலத் தட்டு அவள் மடியில் இருந்தது. கேட்டுவிட்டுத்தான் தட்டைக் கொடுப்பது என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. மச்சான் வீட்டு வாசலில், மேல்பக்கம் வெட்டித் திறந்த ஒரு பெட்ரோல் டேங்க்கில் சோற்றுக் கற்றாழை வளர்ந்திருந்தது. டேங்க்கின் நிறம் பச்சை.

நான் பார்ப்பதை மச்சானும் பார்த்துவிட்டார்.

"அதுவா? அடி பூரா ஓட்ட மாப்ள. அத்த எப்பிடி உனுக்குக் குடுக்கறது? கடையில கெடந்த நல்ல டேங்க்கா பாத்து மாட்டி வுட்டேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "ஓட்டய நான்தானே ஆணி வெச்சு அடிச்சேன், தண்ணி நிக்குதுன்னு!"

"நீ அடிச்சது அப்பறம்டி. அதுக்கு முன்னாடியே ஓட்டதான்."

"முன்னாடியே ஓட்டன்னா தண்ணி எப்பிடி நின்னுச்சாம்?"

"இவ ஒருத்தி. மண்ணு அடைச்சுகினு நின்னுருக்கும்!"

எனக்கு எங்கிருந்தோ வாய் வந்தது. "ஒரு போல்ட்டுகூட மாத்தலன்னு சொன்னீங்களே மச்சான்?"

"போல்ட்ட மாத்தலன்னுதானே சொன்னேன்? டேங்க்கு போல்ட்டா மாப்ள?"

செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்து, டேங்க்கின் அடியில் விரலை விட்டுப் பார்த்தேன். சில ஓட்டைகள் உருண்டையாக, ஓரம் வெளிப்பக்கம் மடிந்திருந்தன. அவை ஆணி. ஒன்று மட்டும் ஓரம் பிய்ந்து, காகிதம்போல் மெலிந்து இருந்தது. அது துருதான். ஆனால் தண்ணீர் ஊற்ற ஊற்றப் பிடித்த துருவா, முன்பே பிடித்ததா? இத்தனை வருடம் தகரத்தோடு பழகியவன் நான். விரலுக்குத் தெரியவில்லை.

நிமிர்ந்தபோது மனைவி தட்டை என் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் கை வெறுமையாக இருந்ததை, அந்தத் தட்டுக்குக் கீழே நான் பார்த்தேன். வளையல் போனபோது வராத அழுகை அவள் கண்ணில் அப்போது நின்றது. தட்டை வாங்கி மச்சானிடம் கொடுத்தேன்.

காதுகுத்து அன்று மகள் அவர் மடியில் உட்கார்ந்து, அவர் சட்டைப் பொத்தான் பிய்ந்து போகிற அளவுக்கு இழுத்துக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார். அதில் சந்தேகம் இல்லை.

வண்டிக்குப் பழைய பச்சையே அடித்தேன், டேங்க்குக்கும் சேர்த்து. ஆனால் டேங்க்கின் பின்னால், சீட்டுக்கு அடியில், கட்டைவிரல் அகலத்துக்குச் சிவப்பை அப்படியே விட்டிருக்கிறேன். ஒரிஜினலா என்று கேட்பவர்கள் இதைப் படித்துவிட்டு, சீட்டைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

மச்சான் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வண்டியைச் சுற்றி வருவார். அந்த இடத்தில் சீட்டுக்கு அடியில் விரலை விட்டு ஒரு தடவு தடவுவார். பிறகு என்னைப் பார்ப்பார். நான் காபி கொண்டுவர உள்ளே போய்விடுவேன். போன ஞாயிற்றுக்கிழமையும் வந்திருந்தார், தடவினார். அவரிடமும் நீட்ட ஒரு காகிதம் வேண்டும் என்றுதான் இன்று உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

செம்பாக்கம், 8 மார்ச் 1998