பின்னால் வந்த சட்டம்

செய்தி வந்தபோது மாலை நாலு பத்து. மருந்துக்கடையில் அவள் ஒரு பெரியவருக்குக் கண் மருந்து எத்தனை சொட்டு விடவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த அப்பா, வண்டியிலேயே சாய்ந்துவிட்டார். கூட இருந்த மாணவர் போனில் அழுதார்: "பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்திட்டுத்தான்மா சாய்ஞ்சார்."

எல்லோருக்கும் அவர் 'பிரேக் மாஸ்டர்'. பக்கத்து இருக்கையில் தன் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே மாட்டார். வீட்டிலும் அப்படித்தான். சமையலறைக் கதவில் ஒன்பது விதிகள் எழுதி ஒட்டியிருந்தார். ஒன்பதாவது: கார் சாவியைத் தொடக்கூடாது.

பதினாலு வயதில் அவள் தொட்டாள். கார் தெருமுனைச் சுவரில் போய் முட்டியது. ஆறு வயதில் தத்து வந்தவள். இனி குழந்தைகள் இல்லத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார் என்று நினைத்து, தானே துணிப்பையை அடுக்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க பயணம்?"

"ரூலை உடைச்சுட்டேன்ப்பா."

"காரையும்தான் உடைச்சே." பக்கத்தில் உட்கார்ந்தார். "இங்க பாரு கழுதை. ஆபிரகாமுக்கு ஆண்டவர் வாக்குத்தத்தம் கொடுத்து நானூத்தி முப்பது வருஷம் கழிச்சுத்தான் நியாயப்பிரமாணம், அதான் மோசேயோட சட்டம், வந்துச்சு. பின்னால வந்தது, முன்னால கொடுத்த வாக்கை அழிச்சுடுமா? நீ என் பொண்ணுன்னு சொல்லி எட்டு வருஷம் ஆச்சு. அந்தக் காகிதத்தை ஒட்டி மூணு வருஷம்தான்."

"அப்போ ரூல் எதுக்கு?"

"சுவத்துல முட்டாம இருக்கத்தான், வேற எதுக்கு? போய் பையைப் பிரி. ஒரு மாசத்துக்குப் பாத்திரம் கழுவுறது உன் வேலை."

ஆஸ்பத்திரியில் நெருங்கிய உறவினர் கையெழுத்து கேட்டார்கள். சித்தப்பா அவளை ஓரமாக அழைத்துப் போனார்.

"நான் போட்டுடறேன்மா. நீ பெத்த பிள்ளை இல்லையே, ஏதாவது குடைஞ்சு கேட்டா உனக்குத்தான் மனக்கஷ்டம்."

பேனா பிடித்த அவள் கை சற்றே நின்றது. வாக்குக் கொடுத்தவர் உள்ளே வெள்ளைத்துணிக்குள் இருந்தார்.

"கேக்கட்டும் சித்தப்பா. அப்பா சொல்லியிருக்கார்." உறவு என்ற கட்டத்தில் 'மகள்' என்று அழுத்தி எழுதினாள்.

சித்தப்பா மூக்கை உறிஞ்சினார். "அப்படியே அண்ணன் பிடிவாதம்."

அப்பாவின் அடையாள அட்டையைக் கேட்டார்கள். எடுக்க வீட்டுக்குப் போனாள். அட்டைக்குப் பக்கத்தில், மேசையில், அவள் கடைக்குப் போட்டுப்போகும் வெள்ளைக் கோட்டு கிடந்தது. அறுந்துபோன இரண்டு பித்தான்களில் ஒன்றைத் தைத்து முடித்திருந்தார். மற்றதில் ஊசி பாதி ஏறி நின்றிருந்தது.