துரை சொன்ன 'போப்பா'

முடிவெட்டும் தொழிலில் கத்தரி தவறினால் முடி மறுபடி வளர்ந்துவிடும். வாய் தவறினால் வாடிக்கைக்காரர் மறுபடி வரமாட்டார். நின்றுகொண்டே பேசிப் பிழைக்கும் சகோதரர்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்! மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த புதிதில், ரப்பர் தோட்டத்திலிருந்து மலாக்காவுக்கு வந்து காஜா பெராங்கில் கடை போட்டேன். வீட்டில் எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். இந்த வாய்க்கு எவன் பெண் கொடுப்பான் என்பதுதான் அம்மாவின் கவலை.

பாதித் தலை

ஊருக்குக் கப்பலேற இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். கூட வந்த இளம்பெண்ணைப் பார்த்து, "உங்கள் மகள் ரொம்ப லட்சணம்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிவைத்தேன். மனைவியாம்! துரை முகம் சிவந்து, பிறகு சிரித்து, "ஃபோ பா!" என்றார்.

என் காதில் விழுந்தது சுத்தமான தமிழ். என் கடையிலேயே என்னைப் 'போப்பா' என்கிறானே என்று ரோஷம் வந்துவிட்டது. கத்தரியை வைத்துவிட்டுப் பக்கத்துக் கோப்பிக் கடையில் போய் உட்கார்ந்தேன். முடிவெட்டக் காத்திருந்த, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி மாணிக்கம் பின்னாலேயே ஓடிவந்தார். "அண்ணே, அவரு உங்கள வெரட்டலை லா. நாலு பேர் மத்தியில தப்பா பேசிட்டா பிரெஞ்சுல அப்படித்தான் சொல்வாங்க. வெள்ளைக்காரன் அதைக் கடன் வாங்கி வச்சிருக்கான். வாங்க, துவான் பாதித் தலையோட எப்படிக் கப்பலேறுவாரு?"

புரிந்த ஒரே சொல்

நெற்றியில் பட்டையாகத் திருநீறு, பெயரில் பிள்ளை. அப்படி ஒருவர் வந்து உட்கார்ந்ததும் தமிழில் பொளந்துகட்டினேன். அவர் பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய மலாக்காச் செட்டிகளில் ஒருவர் என்பதும், அவர்கள் வீடுகளில் மலாய்தான் பேச்சு என்பதும் எனக்கு அப்போது தெரியாது. மனிதர் எல்லாவற்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினார்.

"மீசையை எடுத்திரவா?" என்றேன். மலாயிலும் மீசைக்கு ஏறக்குறைய அதே பெயர். ஒரு சொல்லாவது புரிந்ததே என்ற சந்தோஷத்தில், ஒழுங்கு பண்ணத்தான் கேட்கிறேன் என்று நினைத்து இன்னும் பலமாகத் தலையாட்டினார். எடுத்துவிட்டேன். கண்ணாடியைப் பார்த்தவர், என் மீசை எங்கே என்று மலாயில் அலறினார். "மானா சாயா பூன்யா மீசே?"

சோப்பு நுரை

புக்கிட் ரம்பாயிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இது தட்டிப்போனால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் ஒரு பெரியவர் சவரத்துக்கு வந்தார். முகமெல்லாம் நுரை, கழுத்தில் என் கத்தி. "பொண்ணு தங்கமாம் ஐயா. அவ அப்பாதான் பெரிய வாயாடியாம். எதிராளியைப் பேசவே விடமாட்டாராம்" என்று ஆரம்பித்து, அந்த மாமனாரோடு எப்படிக் காலம் தள்ளப்போகிறேனோ என்பதுவரை கொட்டித் தீர்த்தேன்.

சவரம் முடிந்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். புக்கிட் ரம்பாயிலிருந்து மாப்பிள்ளை பார்க்க வந்திருந்தவரே அவர்தான்! போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் நிதானமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் வாயாடிதான். ஆனா நீங்க எங்க என்னைப் பேச விட்டீங்க, மாப்ள?"

கல்யாணத்துக்குப் பிறகும் எங்கள் குடும்பத்தில் அவரைக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்காரவைக்க என் சவரக்கத்தியை விட்டால் வேறு வழி இருந்ததில்லை.