அண்ணா விளையாடாத நான்கு ஆட்டங்கள்

எங்கள் அண்ணா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகின்ற இந்நாளில், இந்நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணாவைப் பற்றி எழுதும்படி அம்மா கேட்டு ஆறு மாதமாகிறது. முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்து உட்காருவேன், நான்கு வரி எழுதுவேன், அழித்துவிடுவேன். இனியும் தள்ளிப்போட முடியாது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அண்ணா பிறந்தது ஜேர்மனியின் ஹம் நகரில். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்து, விண்ணப்பத்துக்குப் பதில் வராமல் காத்திருந்த காலம் அது. பின்னர் அப்பா ஒரு கம்பித் தொழிற்சாலையில் சேர்ந்தார். அம்மா வைத்தியசாலையில் துப்புரவு வேலை செய்தார். பதினைந்து வயதிலேயே அண்ணா அப்பாவைவிட ஒரு தலை உயரம், வாசற்கதவை அடைத்துக்கொண்டு நிற்பார். அவரது பள்ளி விளையாட்டு ஆசிரியர்தான் ஊரிலிருந்த அமெரிக்கன் ஃபுட்போல் கழகத்துக்கு அவரை அனுப்பினார்.

முதல் ஆட்டத்தைப் பார்க்க அப்பா வேலை உடுப்போடு வந்தார். முடிந்ததும், "என்னடா, நீ ஒருக்காவும் பந்தைத் தொடேல்லையே?" என்று கேட்டார்.

"நான் தொடுறேல்லை அப்பா. பந்து வைச்சிருக்கிறவனை மற்றப் பக்கத்தார் விழுத்தாமல் மறிக்கிறதுதான் என்ர வேலை."

"அப்ப உன்னை ஆர் மறிக்கிறது?"

அண்ணா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சி செய்து கைத்தொழிலொன்றைப் பழகிவிட்டு விளையாடு என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். ஆனால் அமெரிக்கக் கல்லூரியொன்று படிப்பும் தந்து அணியிலும் சேர்ப்பதாகக் கடிதம் அனுப்பியபோது, அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனவரும் அப்பாதான்.

கல்லூரியில் முதல் ஆண்டு முழுவதும் அண்ணா மைதானத்தின் ஓரத்தில்தான் நின்றார். உடம்பு போதாது என்றார்களாம். நாளுக்கு ஆறு வேளை சாப்பிட வேண்டும். "சாப்பிடுறதே வேலையாப் போச்சு தங்கச்சி, பசியெண்டால் என்னெண்டு மறந்துபோச்சு" என்று தொலைபேசியில் அலுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் மீன் இறைச்சி தொடாத அம்மா தவறாமல் கேட்பார், "வெள்ளிக்கிழமையும் மச்சம் சாப்பிட்டனியோ?"

"ஓம் அம்மா, சாப்பிட்டனான்."

பொய் சொல்ல அவருக்கு வராது. இரண்டாம் ஆண்டில் இடையிடையே விளையாடினார். கடைசி இரண்டு ஆண்டுகளும் ஓர் ஆட்டம்கூடத் தவறாமல் முதல் வரிசையில் நின்றார். பட்டமும் பெற்றார். அங்குள்ள தொழில்முறை அணியொன்று ஆட்டக்காலத்துக்கு முந்திய பயிற்சிக்கு அவரை அழைத்தது. மூன்று வாரத்தில் திருப்பி அனுப்பிவிட்டது. விமான நிலையத்தில் அப்பா அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "பசிக்குதோ?"

அதன் பிறகு தென் ஜேர்மனியில் ஒரு தொழில்முறை அணியில் ஐந்து ஆண்டுகள் விளையாடினார். மூன்றாம் ஆண்டில் அப்பா மாரடைப்பால் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியுமுன்னரே அண்ணா மைதானத்தில் இறங்கிவிட்டார் என்று உறவினர் சிலர் குறை சொன்னார்கள். அந்த ஆட்டத்தை வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். அண்ணா யாரையும் உள்ளே விடவில்லை.

இனி எழுதப்போவதை உங்களில் பலர் அறியமாட்டீர்கள். அண்ணா முழங்கால் நோவால் விளையாட்டை விட்டார் என்றே எல்லோருக்கும் சொல்லியிருந்தோம். அது உண்மையல்ல.

ஐந்தாம் ஆண்டில் ஓர் ஆட்டத்தில் அவருக்குத் தலையில் பலமாக அடிபட்டது. எழுந்து தொடர்ந்து விளையாடியதால் எவரும் கவனிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். தேநீருக்கு உப்புப் போட்டார். அம்மா எங்கே என்று மூன்று முறை கேட்டார். பகலிலேயே யன்னல் திரையை இழுத்து மூடினார். இப்படியானவர்களைத் தினமும் பார்ப்பது என் தொழில்.

"அண்ணா, உங்கட டொக்டருக்குச் சொன்னீங்களோ?"

"சொன்னனான்."

பொய் என்று முகத்திலேயே தெரிந்தது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லிப்போடாதை தங்கச்சி. இன்னும் நாலு ஆட்டம்தான் கிடக்கு. அதோட நானே விடுறன்."

சரி என்றேன். மறுநாள் வேலைக்குப் போகும்போது ஹம் ரயில் நிலையத்தில் நின்று அணி மருத்துவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் அண்ணாவை அழைத்துப் பரிசோதித்தார். அதன் பின் அண்ணா மைதானத்தில் இறங்கவேயில்லை.

"நீதானே?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணா."

இரண்டு ஆண்டுகள் என்னோடு கதைக்கவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அம்மாவுக்காக ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டோம். அந்த நாட்களில் எசன் நகரில் நடக்கப் பழக்கும் சிகிச்சை நிலையமொன்றில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். பக்கவாதம் வந்த முதியவர்கள் பயமின்றி அவரில் சாய்ந்து நடந்தார்களாம். இதுவும் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒருநாள் அவரே அழைத்தார். "நாளைக்கு டொக்டர் வரச்சொல்லி டெர்மின் தந்திருக்கிறார். தனியப் போக ஏலாது. வாறியோ?"

போனேன். மூளையில் கட்டி என்றார்கள். விளையாட்டில் பட்ட அடிகளால் வந்ததா என்று கேட்டேன். ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

பதினான்கு மாதங்கள் வீட்டில் வைத்துப் பார்த்தோம். அண்ணாவின் உடம்பை ஒருவர் தனியாகப் புரட்ட முடியாது. என் இடுப்பு போனது, அம்மாவின் தூக்கம் போனது. கடைசி வாரங்களில் ஒரு பிற்பகல், கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தபோது சொன்னார், "நீ டொக்டருக்குப் போன் அடிச்சது சரிதான். எண்டாலும் அந்த நாலு ஆட்டத்தையும் விளையாடியிருக்கலாம் எண்டு இப்பவும் நினைக்கிறனான்."

"தெரியும் அண்ணா."

"கோவம் இல்லை. ஆசைதான்."

பன்னிரண்டு நாட்களின் பின், காலையில், அம்மாவும் நானும் பக்கத்திலிருக்க அண்ணாவின் மூச்சு அடங்கியது.

சமைத்துக் கொண்டுவந்த அயல்வீட்டு அக்காமாருக்கும், இறுதிக்கிரியைகளை நிறைவேற்றித் தந்த ஐயருக்கும், எனக்காக வேலைநேரம் மாற்றித் தந்த தோழிகளுக்கும் நன்றி. களத்தில் அண்ணாவின் பக்கத்தில் நின்று விளையாடிய ஜேர்மன் நண்பர், வாரத்தில் இரண்டு நாள் நான்கு மணிநேரம் கார் ஓட்டி வந்து அவரைத் தூக்கிக் குளிக்க வார்த்தார். "அண்ணா, எழும்புங்கோ" என்ற இரண்டு சொற்களை அதற்காகவே பழகிக்கொண்டார். அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு என் அழைப்பை எடுத்து, நான் அழுது முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்ட அந்த அணி மருத்துவருக்கும் நன்றி. அண்ணா அவருக்கு நன்றி சொல்லியிருக்கமாட்டார். நான் சொல்கிறேன்.

தங்கை