தங்கம்மா பாடவில்லை

போன செவ்வாய்க்கிழமை காலை, கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது வானொலியில் சொன்னார்கள். மூத்த நாடகக் கலைஞர் தனபாக்கியம் காலமானாராம். அரிவாள்மனையைச் சாய்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இனிமையான குரலுக்குச் சொந்தக்காரர், அவசரகாலத்தில் தோட்டத்து மக்களின் மனத்தை மகிழ்வித்தவர் என்று என்னென்னவோ சொன்னார்கள். கடைசியில் அவருடைய புகழ்பெற்ற தாலாட்டு இதோ என்று ஒரு பாட்டைப் போட்டார்கள். முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்து போய்ப் பெட்டியை அணைத்தேன். அந்தத் தாலாட்டைப் பாடியது தனபாக்கியம் இல்லை.

அன்றிலிருந்து எந்தப் பத்திரிகையைப் பிரித்தாலும் அதே தாலாட்டுத்தான். தாய்மையின் குரல் ஓய்ந்தது என்று ஒரு தலைப்பு வேறு. அவரை அறிந்தவர்கள், கூட நடித்தவர்கள், நிலையத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் உங்களில் எத்தனை பேர் இன்னும் உயிரோடு இருக்கிறீர்கள்? உங்களுக்கு உண்மை தெரியும். அந்தத் தாலாட்டைப் பாடமாட்டேன் என்று சொன்னதற்காகத்தான் அவருக்கு வேலை போனது. அதையே அவர் தலைமாட்டில் போட்டு அவரை வழியனுப்பியிருக்கிறீர்கள். உங்களுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

இதில் உனக்கென்ன வந்தது என்று கேட்பீர்கள். "தங்கம்மா வீடு" வானொலி நாடகத்தில் தங்கம்மாவுக்குப் பிள்ளை பிறக்கும், பிறந்த பிள்ளையை அவளால் தொட முடியாமல் போகும். வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தத் தங்கம்மா நான்தான். இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் ஜெராமுக்குப் பக்கத்தில். வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்டிருந்த நேரம். சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களையெல்லாம் பிரித்து ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டி, சுற்றி இரட்டை முள்வேலி போட்டு, வாசலில் துப்பாக்கியோடு காவல் வைத்திருந்தார்கள். காட்டில் ஒளிந்திருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதாம். பால்மரம் வெட்டப் போகிற பெண்களைத் தினமும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். கடையில் பால் டின் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பார், யாரும் சேர்த்து வைக்கக் கூடாது என்று. என் மல்லிகா அந்த வேலிக்குள் பிறந்தாள். எனக்கு அப்போது இருபது வயது.

முப்பது நாள் கழித்துத் தலைமுழுகினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். சரியாகவில்லை. பிள்ளை அழுவது காதில் விழும், எழுந்திருக்கத் தோன்றாது. தூக்கம் என்பதே இல்லை. சோற்றைப் பிசைந்தால் மண்ணைப் பிசைகிற மாதிரி இருக்கும். மாமியார் வேப்பிலை அடித்தார், பூசாரி வந்து கயிறு கட்டினார், அக்கம்பக்கத்துப் பெண்கள் திமிர் என்றார்கள். ஒருநாள் மத்தியானம் மூச்சு முட்டுகிறதே என்று வேலியோரம் போய் நின்றேன், கையில் அந்த ஓட்டை டின். காவல்காரன் துப்பாக்கியைத் தூக்கிவிட்டான். அதோடு காட்டுக்காரனுக்குப் பால் கொடுக்கிறவள் என்ற பேரும் வந்து சேர்ந்தது. பெற்ற பிள்ளைக்கே பால் கொடுக்கத் தெம்பில்லாமல் கிடந்தவளுக்கு இந்தப் பட்டம்!

தனபாக்கியம் அரசாங்கத்து வேனில் வந்தார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் காட்டுவார்கள். படத்துக்கு முன்னால் குட்டி நாடகம் ஒன்று, அரிசியைக் கொடுக்காதே, அடையாளக் கார்டைத் தொலைக்காதே என்று. சேலை மாற்ற ஒரு வீடு வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் என் வீட்டைக் காட்டினார், அங்கேதான் ஆள் நடமாட்டம் கிடையாது என்று. நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். மல்லிகா தூளியில் கத்திக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் பிள்ளையைப் பாருடி என்றுதான் ஆரம்பிப்பார்கள். இவர் ஒன்றும் சொல்லாமல் பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நீ கடைசியா எப்போ நல்லாத் தூங்கினே?" என்றார்.

அந்த ஒரு கேள்வியை அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. பதில் சொல்ல எனக்கு வெகுநேரம் பிடித்தது. வேனிலிருந்து மூன்று தடவை ஆள் வந்து கூப்பிட்டும் அவர் எழுந்திருக்கவில்லை. குளிப்பாட்டும்போது பிள்ளையைத் தண்ணீரில் விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, அதனால்தான் தொடுவதில்லை என்று அவரிடம் சொன்னேன். கட்டினவரிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை. ஐயோ, பாவி என்று அவர் சொல்லவில்லை. இப்படிப் பெண்களுக்கு வருவதுண்டு, வந்தது போகும், ஆனால் நாளாகும் என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு நாடகம் ஒரு மணி நேரம் தாமதம் என்று அவருக்கு வேனிலேயே திட்டு விழுந்ததாம்.

பிறகு கடிதம் எழுதினார். நாடகத்தில் தங்கம்மாவுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, தங்கம்மா பேசுவதை நான்தான் எழுதிக்கொள்கிறேன், நீ சொன்னதை அவள் சொல்லலாமா, உன் பேரும் வராது தோட்டத்துப் பேரும் வராது, வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்று கேட்டிருந்தார். தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள் நான். சொல்லுங்கள் என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்பினேன்.

ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு நாடகம். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை விடுகிற ஆயாக்கொட்டகைக்கு முன்னால் கம்பத்தில் பூட்டிய பெட்டிக்குள் தோட்டத்து ரேடியோ இருக்கும், சாவி ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணியிடம். லயமே திரண்டு வந்து கீழே உட்காரும். பிள்ளை பிறந்த வாரம் தங்கம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பெண்களெல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் அழுதது தப்பு, அழ முடிந்தால் நான் பிழைத்துக்கொள்வேனே என்று எழுதிப் போட்டேன். ஊரெல்லாம் கொண்டாடுகிற நடிகைக்கு லயத்திலிருந்து ஒரு பால்வெட்டுக்காரி இப்படி எழுதினால் வேறு யாராக இருந்தாலும் கடுப்பாகியிருப்பார்கள். அவர் அடுத்த வாரமே மாற்றினார்.

அடுத்த ஞாயிறு, ரேடியோவில் பிள்ளை அழுதது. மாமியார் தங்கம்மா தங்கம்மா என்று கூப்பிட்டாள். பிள்ளை அழுது அழுது ஓய்ந்தது. அதற்கப்புறம் பெட்டியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. எவ்வளவு நேரம் என்கிறீர்கள்? மண்டோர் எழுந்து, பெட்டி செத்துப்போச்சு லா என்று இரண்டு தட்டுத் தட்டினார். கிராணியைக் கூப்பிட ஆள் ஓடியது. நான் மட்டும் நகரவில்லை. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தச் சத்தமில்லாததுதான் என் வீடு. பிறகு தனபாக்கியத்தின் குரல் வந்தது, கொஞ்சம் கரகரப்பான, தணிந்த குரல்.

"காது கேக்குது அத்தை. கை வரமாட்டேங்குது."

கீழே உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. ஒருத்தி மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள், எதிர்வீட்டு அஞ்சலை. மறுநாள் ஒரு கிண்ணம் ரசத்தை என் வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். என் வீட்டுக்காரர் அந்த வாரம் பிள்ளையைத் தானே குளிப்பாட்டினார். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டார். இன்னும் நாலு வாரம் அந்த நாடகம் அப்படியே போயிருந்தால் போதும், என் பிள்ளை என்னை விட்டுப் போயிருக்காது. இதை நான் சும்மா சொல்லவில்லை.

அதற்கடுத்த வாரம் தங்கம்மா குளிப்பாட்டுகிற பயத்தைச் சொன்னாள். உடனே நிலையத்துக்குக் கடிதங்கள் குவிந்தனவாம், தாய்க்குலத்தை அவமானப்படுத்துகிறாள், இவள் பெண்ணா பிசாசா என்று. இன்று தாய்மையின் குரல் என்று எழுதுகிறவர்களின் அப்பாக்களும் மாமாக்களும் எழுதிய கடிதங்கள்தான் அவை. நாடகப் பொறுப்பில் இருந்தவருக்கு அதற்கு ஒரு யோசனை தோன்றியது. தங்கம்மாவுக்கு வந்தது நோய் இல்லை, காட்டுக்காரன் மிரட்டிய பயம் என்று வைத்துவிடலாம். அவன் சரணடைந்த செய்தி வந்தவுடன் அவள் பயம் தெளிந்து, பிள்ளையை வாரி எடுத்துத் தாலாட்டுப் பாடவேண்டும். அவசரகாலத்தில் மழை பெய்யாவிட்டாலும் காட்டுக்காரன்தானே காரணம்! தனபாக்கியம் முடியாது என்றார். பாட்டில் குணமாகிற வியாதி இல்லை இது என்று பொறுப்பாளர் முகத்துக்கு நேரே சொன்னார். கையெழுத்துப் பிரதியை அவர் கையிலிருந்து வாங்கி வேறொரு பெண்ணிடம் கொடுத்தார்கள். ஆள் மாறிய விஷயத்தை நேயர்களிடம் மூச்சுவிடவில்லை.

அந்த ஞாயிறு நானும் பெட்டிக்குக் கீழேதான் இருந்தேன். தங்கம்மா சிரித்தாள். தேன் மாதிரி ஒரு குரல் தாலாட்டுப் பாடியது. லயமே கைதட்டியது. என் மாமியார் எல்லோரும் கேட்கும்படி, பார்த்தியா, மனசு வைச்சா ஒரு பாட்டுல சரியாப் போகுது என்றார். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துவந்த இரக்கம் அத்தனையும் அந்த ஒரு பாட்டில் போய்விட்டது. எனக்குள் எதுவோ சுருக்கென்று எழுந்தது. நானும் எழுந்தேன். அது தனபாக்கியம் இல்லை, அது பொய், எல்லாம் பொய் என்று கத்தினேன். மாதக்கணக்கில் வாய் திறக்காதவள் நடுக் கூட்டத்தில் நின்று கத்தினால் என்ன நினைப்பார்கள்? முற்றிவிட்டது என்று முடிவுகட்டினார்கள். புதன்கிழமை என் வீட்டுக்காரர் மல்லிகாவைத் துணியில் சுற்றிச் செரண்டாவுக்கு, பிள்ளையில்லாத தன் அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அவர் கெட்டவர் இல்லை. பயந்துபோனார். அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தவர்களை நான் மன்னிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தனபாக்கியம் பஸ் ஏறித் தோட்டத்துக்கு வந்தார். உள்ளே வர பாஸ் இல்லை. வேலிக்கு வெளியே அவர், உள்ளே நான், நடுவில் இரட்டைக் கம்பிக்கு இடையே ஆறடி. ரகசியம் பேச வழியில்லை, காவல்காரனும் கேட்டுக்கொண்டுதான் நின்றான். நிலையத்தில் நடந்ததையெல்லாம் சொன்னார். பாடியது நானில்லை என்று உன்னிடம் நேரில் சொல்லத்தான் வந்தேன் என்றார். அது எனக்கு அன்றைக்கே தெரியும் என்றேன். பிள்ளை போய்விட்டதையும் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"கோபம் வருதா?"

"வருது. எல்லாரையும் கொளுத்திடலாம் போல வருது."

"இத்தனை மாசமா உனக்கு ஒண்ணுமே வரல காளியம்மா. இப்போ இது வந்திருக்கு. யாரு கேட்டாலும் இதைக் கொடுத்திடாதே."

அடங்கு, பொறுத்துக்கொள், பெண்பிள்ளை என்றுதான் பிறந்ததிலிருந்து எல்லோரும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். கோபத்தை வைத்துக்கொள் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். அன்றைக்குக் கோபத்தில் இரண்டு வாய் சோறு தின்றேன். மறுநாளும் தின்றேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசரிடம் போய் எனக்குத் தூக்கம் வேண்டும் என்று சண்டை போட்டேன். அவர் மருந்து கொடுத்தார், என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு இவளைப் படுக்க விடு என்றும் சொன்னார். விடிகாலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து மறுபடி மரம் வெட்ட ஆரம்பித்தேன். இரண்டு மாசம் கழித்துக் கிராணி முன்னால் போய் நின்று ஒரு நாள் பாஸ் கேட்டேன். எதற்கு என்றார். என் பிள்ளையைக் கொண்டுவர என்றேன். அவர் வேறு கேள்வி கேட்கவில்லை.

தனபாக்கியத்தை இரண்டு வருஷம் நிலையம் கூப்பிடவே இல்லை. கோலசிலாங்கூரில் தையல் மெஷின் மிதித்துப் பிழைத்தார். அப்புறம் சின்னச் சின்ன வேஷங்கள் கொடுத்தார்கள், வேலைக்காரி, பக்கத்து வீட்டுக்காரி என்று. குறைபட்டுக்கொண்டதே இல்லை என்று போனவாரம் ஒருவர் எழுதியிருக்கிறார். குறைபட்டுக்கொண்டார் ஐயா, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது பேசாமல் இருந்தார், அவ்வளவுதான். என்னிடம் ஒவ்வொருவர் பேரையும் சொல்லித் திட்டினார். எப்போது பார்த்தாலும், என்ன, கோபம் இருக்கா என்பார். சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரிக் கேட்பார். இருக்கு அக்கா என்பேன். நல்லது, உட்கார், டீ போடுகிறேன் என்பார்.

கிராணி பாஸ் கொடுத்த அன்று செரண்டாவுக்கு மூன்று பஸ் மாறிப் போனேன். வழியில் இரண்டு இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள். என் நாத்தனார் மல்லிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். இப்போதுதான் என்னோடு ஒட்டியிருக்கிறது, விட்டுவிடு என்று அழுதார். மல்லிகா என்னைப் பார்த்துவிட்டு முகத்தை அவர் தோளில் புதைத்துக்கொண்டாள். பிள்ளையைக் கொடுங்க அண்ணி என்றேன். இரண்டாம் தடவையும் அதையே சொன்னேன். என் முகத்தில் என்ன கண்டாரோ, கொடுத்துவிட்டார்.

தூக்கியவுடன் பாசம் பொங்கியது என்று எழுதினால் நானும் அந்த நாடகக்காரர்களில் ஒருத்தியாகிவிடுவேன். பொங்கவில்லை. ரவாங் வரும்வரை அவள் அலறினாள், பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பாசம் வர இன்னும் பல மாசம் ஆனது, அது வந்த நாள்கூட எனக்கு ஞாபகமில்லை. அன்றைக்கு என்னிடம் இருந்தது கோபம் ஒன்றுதான். அதை வைத்துத்தான் என் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். இனிமையான குரலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். தனபாக்கியம் எனக்கு விட்டுப்போனது அந்தக் கோபம். அதை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.