சிபெலெஸுக்கு முந்தைய நிறுத்தம்

என் அக்கா விசித்தாசியோன் முப்பது வருஷம் மாட்ரிட்டில் பஸ் ஓட்டினாள், பெரும்பாலும் ப்ராதோ சாலையில்தான். ஓய்வு பெற்றதும் வீட்டில் சும்மா உட்கார்ந்தாளா? சக்கரக் காலணி வாங்கினாள்! ரெத்தீரோ பூங்காவில் விழுந்து எழுந்து, முட்டியைப் பேர்த்துக்கொண்டு, கற்றே விட்டாள்.

ஞாயிறு காலையில் ப்ராதோ சாலைக்குள் வண்டிகள் வராது. அப்போது அக்கா பறப்பதைப் பார்க்க வேண்டுமே! ஒரே ஒரு கோளாறு. பஸ் நிறுத்தம் வந்தால் அவள் கால் தானாக ஓரம் கட்டி நின்றுவிடும்.

"அண்ணி, நானும் இங்கதான் இறங்கணும்!" என்று என் புருஷன் இகினியோ தானும் சக்கரக் காலணியில் சறுக்கிக்கொண்டே கேலி செய்தான்.

அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பந்தயம் வச்சுக்கலாமா மாப்ள? அதோச்சா ஸ்டேஷன்லருந்து சிபெலெஸ் வரைக்கும். தோத்தவங்க அங்கயே எதிரி டீம் துண்டக் கழுத்துல போடணும்!"

சிபெலெஸ் தேவியின் சிலை நிற்கும் நீரூற்று, வெள்ளைச் சட்டைக் கால்பந்து அணிக்காரர்களின் கோயில். கோப்பை வென்றால் என் புருஷன் கூட்டம் அங்கேதான் குதிக்கும். அக்காவின் சிவப்பு வெள்ளைக் கூட்டத்துக்கு நெப்டியூன் நீரூற்று. எதிரி துண்டைப் போடுவதற்குப் பதில் இருவரும் விஷம் குடிப்பார்கள்.

இரண்டு துண்டையும் தோளில் போட்டுக்கொண்டு நான் சைக்கிளில் பின்னாலேயே போனேன். அக்கா ஒரு நிறுத்தத்திலும் நிற்கவில்லை! நெப்டியூனைத் தாண்டும்போது இகினியோ வெகுதூரம் பின்தங்கிவிட்டான். எனக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

கடைசி நிறுத்தத்தில் ஒருவர் கை தூக்கினார். அடப்பாவி! என் புருஷனின் சீட்டாட்டக் கூட்டாளி பிராவுலியோ!

"நிக்காதக்கா! இது அவங்க சதி!"

அக்கா ஓரம் கட்டி நின்றாள். "ஞாயித்துக்கிழமை இங்க பஸ் வராதுங்க, அடுத்த தெருவுல போய் நில்லுங்க" என்று தன்மையாகச் சொன்னாள். அதற்குள் இகினியோ அவளைக் கடந்து போய்விட்டான்.

நீரூற்றின் முன் அவன் குதித்த குதி இருக்கிறதே! அக்கா வெள்ளைத் துண்டை வாங்கிக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"பிராவுலியோன்னு தெரியலயாக்கா உனக்கு?"

"தூரத்துலயே தெரிஞ்சுதுடி. ஆனா கை தூக்கிட்டாரே. இத்தன வருஷத்துல கை தூக்குன ஒருத்தரையும் விட்டுட்டுப் போனதில்ல. ஒரு துண்டுக்காக இன்னிக்கி ஆரம்பிக்கவா?"

இகினியோவின் குதி நின்றது. காது வரை சிவந்துபோய், என் தோளிலிருந்த சிவப்பு வெள்ளைத் துண்டை உருவித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டான், தன் தெய்வத்தின் எதிரிலேயே! பிறகு மெதுவாக ஒரு கையைத் தூக்கினான்.

"நிப்பீங்கல்ல அண்ணி?"

"ஏறித் தொலைங்க மாப்ள" என்றாள் அக்கா.